மொட்டைச் சுண்டெலி: தேடி வாங்குவதிலிருந்து குட்டி பிரிப்பது வரை

மொட்டைச் சுண்டெலியை முதன்முதலில் கையில் வாங்கியவர் யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "என்ன இவ்வளவு சூடாக இருக்கிறது?" காய்ச்சல் ஒன்றும் இல்லை. ரோமம் உள்ள எலியின் சூட்டை ரோமமே பிடித்து வைத்துக்கொள்ளும். மொட்டைக்கு அந்தப் போர்வை கிடையாது. உடம்புச் சூடு நேராக உங்கள் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது, நீங்கள் கீழே விட்டதும் காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. இதை வளர்ப்பதில் வரும் தொல்லைகளில் பாதி இந்தச் சூட்டால் வருவது. மீதிப் பாதி தாய்ப்பாலால் வருவது. இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் சாதாரணச் சுண்டெலி வளர்ப்புதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில். சுண்டெலியை வகை வகையாக வளர்த்துக் கண்காட்சியில் வைப்பது இங்கே பழைய பொழுதுபோக்கு. அதற்கான நேஷனல் மவுஸ் கிளப் 1895-லேயே தொடங்கிவிட்டது. மொட்டைக்கும் இங்கேதான் பூர்வீகம். லண்டனில் பறவைகள் வளர்த்த ஒரு பெரிய கூண்டுக்குள் பிடிபட்ட மொட்டைச் சுண்டெலிகளைப் பற்றி ஹெச். சி. புரூக் என்பவர் 1926-இல் ஒரு மரபியல் இதழில் எழுதினார். உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் பரவிய பெயர்பெற்ற வம்சத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

முதலில், எந்த மொட்டை?

காசை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மொட்டை என்பது ஒரே வகை இல்லை. வெவ்வேறு மரபணுக்களில் வரும் வெவ்வேறு பழுதுகள் எல்லாம் கடைசியில் ரோமம் இல்லாத எலியில்தான் வந்து முடிகின்றன. விற்பவர்கள் எல்லாவற்றையும் 'ஹேர்லெஸ்' என்று ஒரே பெயரில் விற்றுவிடுவார்கள்.

அசல் ஹேர்லெஸ், அதாவது ஹெச்ஆர் என்று சுருக்கிச் சொல்லும் வகை, புரூக் எழுதிய வம்சம். குட்டிக்கு மற்றக் குட்டிகளைப் போலவே ரோமம் முளைக்கும். இரண்டு வாரம் ஆனதும் கொட்டத் தொடங்கும். ஒரு வைரஸின் துண்டு அந்த மரபணுவுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டதுதான் காரணம். வீட்டில் வளர்க்க ஏற்றது இதுதான்.

இரண்டாவது 'நியூட்'. கிளாஸ்கோவில் ருச்சில் மருத்துவமனையின் வைரஸ் ஆய்வகத்தில் 1962-இல் கண்ணில் பட்டது. இதற்கு ரோமம் சரியாக முளைப்பதே இல்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. தைமஸ் சுரப்பியே இல்லாமல் பிறக்கிறது என்று 1968-இல் தெரியவந்தது. நோய் எதிர்ப்பில் முக்கியமான டி செல்கள் முதிர்வது அந்தச் சுரப்பியில்தான். அதனால் நம் வீட்டுத் தூசியிலும் கிருமியிலும் நியூட் நீண்ட நாள் தாங்காது. கிருமி நுழையாத ஆய்வகக் கூண்டுதான் அதற்கு இடம். யாராவது நியூட் என்று சொல்லி விற்றால், அல்லது எந்த வகை என்றே சொல்லத் தெரியாமல் விற்றால், வாங்காதீர்கள்.

'ஃபஸ்ஸி' முழு மொட்டை இல்லை; அரைகுறையாக, மெல்லிய சுருட்டை ரோமம் இருக்கும். நான்காவது ஓங்கு மரபணுவால் வருவது, 'நேக்கட்' என்பார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே ரோமம் கொட்டும், முளைக்கும், மறுபடி கொட்டும். இரண்டு பிரதி வந்த குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே நேக்கட்டை நேக்கட்டோடு ஜோடி போடவே கூடாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். என்னிடம் இருந்த ஹெச்ஆர் ஆணுக்கு, வேறு ஊரிலிருந்து ரோமம் குறைந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து ஜோடி போட்டேன். பதினொரு குட்டி. பதினொன்றும் கரடிக்குட்டி மாதிரி ரோமத்தோடு வளர்ந்தன. மூன்றாவது வாரம் வரை 'இன்று கொட்டும், நாளை கொட்டும்' என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் விசாரித்தேன், பெண் ஃபஸ்ஸி. ஆணிடம் பழுதான மரபணு பெண்ணிடம் நன்றாக இருந்தது, பெண்ணிடம் பழுதானது ஆணிடம் நன்றாக இருந்தது. குட்டிகளுக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிட்டது.

எங்கே தேடுவது

பெரிய செல்லப்பிராணிக் கடைகளில் இது அநேகமாகக் கிடைக்காது. சுண்டெலிக் கண்காட்சிகளுக்குப் போனால் வளர்ப்பவர்களை நேரில் பார்க்கலாம். கண்காட்சியில் இருப்பதெல்லாம் பளபளக்கும் ரோமக்காரர்கள்தான். ஆனாலும் 'மொட்டை யாரிடம் இருக்கிறது' என்று அங்கே கேட்டால் வழி தெரியும். விலங்குக் காப்பகங்களிலும் சுண்டெலிகள் வரும், ஆனால் வம்சாவளி தெரியாது. வளர்க்க மட்டும் என்றால் அங்கே எடுப்பது நல்ல காரியம், குட்டி எடுக்க என்றால் வேண்டாம். பாம்புக்குத் தீனியாகச் சுண்டெலி வளர்ப்பவர்களிடமும் எப்போதாவது மொட்டை பிறக்கும். அவர்கள் சில சமயம் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வாங்கலாம், ஆனால் மூன்று வாரம் வேறு அறையில் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: ஆய்வகங்களின் மொட்டைச் சுண்டெலி வெளியே விற்பனைக்கு வருவதில்லை, வருவதாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். 2018-இன் விதிகள்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கலாம். மே மாதத்து 38 டிகிரியில் ரோமம் இல்லை என்பதால் அதற்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சுண்டெலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. அந்தச் சூட்டில் மொட்டையும் செத்துப்போகும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

விற்பவர் பெட்டியைத் திறந்ததும் அவசரப்படாமல் ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். மூச்சில் 'டிக் டிக்' என்ற சத்தமோ கீச்சென்ற இழுப்போ இருந்தால் நுரையீரல் தொற்று. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா சுண்டெலிகளிடம் சகஜம், வந்தால் முழுதாகப் போகாது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அதே பெட்டியில் வேறொன்றை எடுக்காதீர்கள், பெட்டியையே விட்டுவிடுங்கள்.

தோலில் பழைய கீறல் தழும்பு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, மொட்டைக்கு அது தப்பாது. புதுக் கடி, சீழ்க்கட்டி, செதில் இருந்தால் யோசியுங்கள். வயதான ஹெச்ஆர் எலிகளின் தோலில் கடுகளவு வெள்ளை முடிச்சுகள் வரும். ரோமக்கால்கள் இருந்த இடத்தில் உண்டாகும் சிறு பைகள் அவை, பயப்பட வேண்டாம். கண்ணைப் பாருங்கள்: இமைமுடி இல்லாததால் தூசி நேராக விழும், ஒட்டிய கண்ணும் நீர் வடியும் கண்ணும் இந்த வகையில் அதிகம்.

இன்னொரு ஏமாற்று. ஒரே கூண்டில் இருக்கும் சுண்டெலிகளில் ஒன்று மற்றவற்றின் ரோமத்தையும் மீசையையும் கடித்துக் கத்தரித்துவிடும். வளர்ப்பவர்கள் இதை 'பார்பரிங்' என்பார்கள், முடிதிருத்தம்தான். அப்படிப்பட்ட எலியை 'அரைமொட்டை, அபூர்வ வகை' என்று விற்றதை நானே பார்த்திருக்கிறேன். மூக்கைச் சுற்றி மட்டும் வழித்த மாதிரி இருந்து, மீசை ஒட்ட வெட்டியது போல் இருந்தால் அது சக எலியின் வேலை. ஹெச்ஆர் மொட்டைக்கு மீசை கோணலாகவும் சுருண்டும் இருக்கும், ஆனால் இருக்கும்.

கடைசியாக, தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். தாய்க்கு ரோமம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீடு

சுண்டெலிக்கு உடம்பு கூடுதலாக உழைக்காமல் சூட்டைக் காத்துக்கொள்ள ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். ரோமம் உள்ளது கூடு கட்டிச் சுருண்டு 20 டிகிரியிலும் சமாளித்துவிடும். மொட்டைக்கு நான் 25, 26 டிகிரி வைக்கிறேன். இங்கிலாந்து வீடுகளில் குளிர்காலத்தில் அவ்வளவு இருக்காது. பெட்டியின் பாதி அடிப்பாகத்தில் மட்டும் தெர்மோஸ்டாட்டோடு ஒரு சூட்டுப் பாய். பாதி என்பது முக்கியம்: சூடு அதிகமானால் எலி நகர்ந்து போக இடம் வேண்டும். முழு அடியிலும் பாய் போட்டால் அது தோசைக்கல்.

கம்பிக் கூண்டைவிடக் கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி இதற்கு நல்லது, காற்று வீசி அடிக்காது. நேர் வெயில் கூடவே கூடாது. சூரிய ஒளியால் வரும் தோல் புற்றுநோயை ஆராய விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த விலங்கே மொட்டைச் சுண்டெலிதான். அதை ஜன்னலோரம் வைப்பது எப்படி?

படுக்கைக்குத் தூசி நீக்கிய காகிதத் துணுக்கு அல்லது ஆஸ்பென் மரச்சீவல். பைன், தேவதாரு சீவல் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் மூச்சுக்குக் கெடுதல். வைக்கோலின் கூர்முனை கண்ணைக் குத்தும். கூடு கட்ட மணமில்லாத டிஷ்யூ தாளை நீளவாக்கில் கிழித்துப் போடுங்கள், கை நிறையப் போடுங்கள். 'குளிருமே' என்று பஞ்சு வைப்பவர்கள் உண்டு. பஞ்சின் இழை காலில் சுற்றி இறுகினால் கால் அழுகிப்போகும். குட்டிகள் இருக்கும் கூட்டில் பஞ்சு எமன்.

ஓடுசக்கரம் வைத்தால் கம்பி இல்லாத, முழுத் தளம் உள்ளதாக வையுங்கள். குளிப்பாட்டத் தேவையில்லை, எண்ணெய் தடவவும் வேண்டாம். படுக்கை சுத்தமாக இருந்தால் தோல் தானாகவே நன்றாக இருக்கும். நகம் நீண்டிருந்தால் மட்டும் நுனியை வெட்டிவிடுங்கள், தன்னைத் தானே கீறிக்கொள்ளும்.

தீனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சுண்டெலிக்கென்று விற்கும் கட்டித் தீனி, புரதம் 16 சதவீதத்தை ஒட்டி. சாதாரணச் சுண்டெலி நாளுக்கு நான்கைந்து கிராம் தின்னும். மொட்டை அதைவிடக் கூடுதலாகத் தின்னும், சூடு அங்கிருந்துதான் வர வேண்டும். தட்டு எந்நேரமும் காலியாக இருக்கக் கூடாது. தண்ணீர்ப் புட்டியின் மூக்கில் தினமும் விரலை வைத்துத் துளி வருகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் அதைவிட ஆபத்து, நனைந்த மொட்டை ஒரே இரவில் விறைத்துவிடும்.

பெண்கள் இரண்டு மூன்றாக இருக்கட்டும், ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துச் சூடு பகிரும். ரோமம் உள்ள தோழி ஒன்று கூட இருந்தால் இன்னும் நல்லது, மொட்டைகள் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆண்கள் இரண்டைச் சேர்த்து வைத்தால் சண்டை; ரோமம் இல்லாத தோலில் ஒவ்வொரு பல்லும் பதியும். தனியாக இருக்கும் ஆணுக்குக் கூட்டுத் தாளை இரட்டிப்பாகக் கொடுங்கள்.

ஜோடி போடும் கணக்கு

குட்டி எடுப்பதற்கு முன் வேறொரு கணக்கு: எத்தனை குட்டிக்கு வீடு இருக்கிறது? ஒரு ஈற்றில் எட்டு, பத்து சாதாரணம். பன்னிரண்டும் போடும். அவற்றில் பாதி ரோமத்தோடு இருக்கும், 'மொட்டைதான் வேண்டும்' என்று வந்தவர்கள் அதை எடுக்க மாட்டார்கள். எடுப்பதற்கு ஆள் இல்லையென்றால் ஜோடி போடாதீர்கள்.

ஹெச்ஆர் ஒடுங்கு மரபணு. மொட்டையாக வேண்டுமானால் தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என இரண்டு பழுதுப் பிரதியும் வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளது ரோமத்தோடு சாதாரணமாகத் தெரியும். அதைக் 'கேரியர்' என்கிறோம்.

மொட்டையும் மொட்டையும் சேர்ந்தால் எல்லாம் மொட்டை. மொட்டையும் கேரியரும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி. இரண்டும் கேரியர் என்றால் நான்கில் ஒன்று. மொட்டையும் சுத்த ரோமக்காரரும் சேர்ந்தால் ஒன்றுகூட மொட்டை இல்லை, ஆனால் அத்தனையும் கேரியர்.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் முதல் வரிதான் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. மொட்டை ஆணையும் மொட்டைப் பெண்ணையும் சேர்த்தேன். எட்டுக் குட்டி பிறந்தன. சுண்டெலிக் குட்டி பிறந்த சில நாள்களுக்குத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்த பால் இடதுபக்க வயிற்றில் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரியும். அந்த எட்டில் ஐந்துக்குப் பட்டையே இல்லை. தாய் அவற்றை ஒதுக்கவில்லை, மேலே படுத்துக்கொண்டுதான் இருந்தது. பால்தான் இல்லை. மூன்றாம் நாள் ஐந்தும் போய்விட்டன. மீதி மூன்று, நண்பர் ஒருவரின் பால் கொடுக்கும் எலியிடம் போய்ப் பிழைத்தன.

மொட்டைப் பெண்களில் பல குட்டிக்குச் சரியாகப் பால் கொடுப்பதில்லை. ஆய்வகங்களில் இந்த வம்சத்தைக் காப்பவர்களும் அதனால்தான் மொட்டை ஆணையும் கேரியர் பெண்ணையும் ஜோடி போடுகிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். பாதிதான் மொட்டையாகப் பிறக்கும், பிறந்தது பிழைக்கும். தாயைக் காட்டச் சொன்னது இதற்குத்தான்: ரோமம் உள்ள தாயை வைத்துக் குட்டி எடுப்பவர், இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்தவர்.

கேரியர் என்று சொல்லி விற்ற பெண்ணை நம்புவதா? மொட்டை ஆணோடு சேருங்கள். ஒரு குட்டி மொட்டையானாலும் அது கேரியர், சந்தேகமே இல்லை. ஏழு குட்டியும் ரோமத்தோடு நின்றால், அது கேரியராக இருந்தும் தற்செயலாக அப்படி ஆவதற்கு 128-இல் ஒரு வாய்ப்புதான். உங்களிடம் வேறு பொய் சொல்லியிருக்கிறார்களா என்றும் யோசிக்கலாம்.

சேர்ப்பதும் சினையும்

பெண்ணுக்கு மூன்று மாதம் ஆகட்டும். ஐந்தாறு வாரத்திலேயே சினைபிடித்துவிடும் என்பது உண்மைதான், அது நல்லதல்ல. எட்டு மாதத்தைத் தாண்டிய பெண்ணுக்கு முதல் ஈற்றும் வேண்டாம்.

இரண்டு கேரியர் பெண்களை ஒரே சமயம் ஒரே ஆணோடு விடுங்கள். ஒன்றுக்குப் பால் வராவிட்டாலோ செத்துப்போனாலோ மற்றது செவிலித்தாய். சேர்ந்திருந்த பெண்களுக்கு ஆணின் வாடை பட்டால் மூன்றாம் நாள் வாக்கில் பருவம் வரும். ஆணின் பழைய படுக்கையில் ஒரு கைப்பிடியை இரண்டு நாள் முன்பே பெண்கள் பெட்டியில் போட்டு வைப்பது அனுபவஸ்தர்கள் வழக்கம். சினைபிடித்த புதிதில் வேறு ஆணின் வாடை படவிடாதீர்கள், கரு தங்காமல் போகலாம்.

சினை 19 முதல் 21 நாள். வயிறு பேரிக்காய் மாதிரி ஆனதும் ஆணை எடுத்துவிடுங்கள். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் பெண்ணுக்கு மறுபடி பருவம் வரும், ஆண் அங்கே இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை. ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் மூன்று ஈற்றுக்கு மேல் நான் எடுப்பதில்லை.

குட்டிகளின் நாள்கள்

முதல் நாள் தாய் தீனிக்கு வெளியே வரும்போது கூட்டை லேசாக விலக்கி எண்ணுங்கள், செத்தது இருந்தால் எடுத்துவிடுங்கள், பால் பட்டையைப் பாருங்கள். அப்புறம் மூன்று நாள் தொந்தரவு செய்யாதீர்கள். பட்டை தெரியாத குட்டியைச் செவிலியிடம் மாற்ற வேண்டுமானால், செவிலியின் கூட்டுத் தாளில் குட்டியைப் புரட்டி வாடை ஏற்றிவிட்டு, செவிலியின் குட்டிகளுக்கு நடுவில் வையுங்கள்.

நாலாம் நாள் காது மடல் விரியும். ஒரு வாரத்தில் எல்லாவற்றுக்கும் வெல்வெட் மாதிரி ரோமம். ஒன்பது பத்தாம் நாளில் பெண் குட்டிகளின் காம்புகள் புள்ளிகளாகத் தெரியும், ஆண் பெண் பிரித்துக் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் இல்லை. பன்னிரண்டிலிருந்து பதினான்குக்குள் கண் திறக்கும்.

அப்புறம்தான் வேடிக்கை. கண் திறந்த ஓரிரு நாளில் சில குட்டிகளுக்கு இமையைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி வெறும் தோல் தெரியும். மறுநாள் முகம் வழுக்கை. அடுத்த நாள் கழுத்து. ரோமம் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தது போல ஓர் எல்லை, அது நாளொன்றுக்குக் கொஞ்சமாகப் பின்னால் நகரும். நடுவில் ஒருநாள் பார்த்தால் முன்பாதி பன்றிக்குட்டி, பின்பாதி சுண்டெலி. மூன்றாம் வார முடிவில் வாலடி வரை முடிந்துவிடும். பிறகும் மெல்லிய ரோமம் தலைகாட்டி உதிரலாம். இந்த வாரத்தில் அறைச் சூட்டைக் குறைக்காதீர்கள், போர்வையை இழக்கும் குட்டிகள் இவை. கூட்டில் உதிர்ந்த ரோமம் சேரும், தாளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

ரோமக் குட்டிகளை மூன்றரை வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கலாம். மொட்டைகளுக்கு நான்கு வாரம் கொடுங்கள், சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஆண் எதுவானாலும் ஐந்து வாரத்தைத் தாண்டித் தாயோடும் சகோதரிகளோடும் விடக் கூடாது. அவற்றுக்கு உறவுமுறை தெரியாது.

கொடுத்து அனுப்பும்போது

இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு விலங்கை விற்கக் கூடாது, அம்மா அப்பாவை வரச் சொல்லுங்கள். தொழிலாகவே விற்றால் 2018-இன் விதிகள்படி உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். ஒரே பால் குட்டிகளை ஜோடி ஜோடியாகக் கொடுப்பது என்றால் பெண்களைத்தான் கொடுக்க முடியும், ஆண் தனியாகத்தான் போகும்; வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பழகிய படுக்கையில் ஒரு கைப்பிடி, ஒரு வாரத் தீனி, குளிர்காலமானால் பெட்டிக்கு வெளியே துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி. கூடவே ஒரு சீட்டு: பிறந்த தேதி, தாய், தகப்பன், எந்த வகை மொட்டை. ரோமத்தோடு போகும் குட்டியின் சீட்டில் 'கேரியர், ஹெச்ஆர்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதே கேள்வியோடு உங்களுக்குப் போன் செய்வார்.